பச்சைப் பாவாடை, ஐந்து வயது

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் ஒன்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தேன். நகராட்சியில் தினக்கூலி வேலை. நேரக் காப்பாளர் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி ஒன்று. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பிற்பகல் இரண்டு மணிக்கு எழுந்திருப்பேன். வேலூர் பேருந்து எங்கே நிற்கிறது, செங்கம் பேருந்து எப்போது புறப்படும், கண்ணாடியைத் தொலைத்தவர் யார், பையை மறந்தவர் யார் என்று சொல்லிக்கொண்டிருப்பது என் வேலை. என்னோடு மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். எனக்கு அவர் அண்ணன் மாதிரி. நான் தமிழில் பட்டம் வாங்கியவள் என்பதில் என்னைவிட அவருக்குப் பெருமை ஜாஸ்தி.

பேருந்து நிலையத்தின் பராமரிப்பைத் தனியாருக்கு விடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது கழிப்பறையையும் வண்டி நிறுத்துமிடத்தையும்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தோம். அறிவிப்பும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்த ஆட்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். என் குரல் தெளிவாக இருக்கிறது, பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு லாட்ஜ் அறையின் சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் என்னைப் படிக்க வைத்தார்கள். ஒன்று முதல் அறுபது வரை எண்கள். போளூர், அவலூர்பேட்டை, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, விழுப்புரம். "வந்து சேரும்", "புறப்படத் தயாராக உள்ளது", "தாமதமாக வரும்". வியர்வையில் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் முதல் நான் வர வேண்டாம் என்று நகராட்சியில் சொன்னார்கள். பெரியவரையும் வேண்டாம் என்றார்கள். எங்கள் அறை செல்போன் உறை விற்கும் கடையானது.

நான் செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் வீட்டிலிருந்து போகிற டவுன் பஸ் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்துதான் வெளியே வரும். முதல் நாள் என் குரல் கூரையிலிருந்து வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் "இது நான்தான்" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

போகப் போக அதில் ஏதோ சரியில்லை என்று பட்டது. நான் சொல்லாதவற்றை அது சொல்ல ஆரம்பித்தது. துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு நகைக்கடையின் விளம்பரத்தை நான் சொன்னேன். எச்சில் துப்பினால் அபராதம் என்று நான் மிரட்டினேன். இரண்டு சொற்களுக்கு நடுவே மனிதர்கள் மூச்சு விடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் மூச்சு இல்லை. ஜுரமாகப் படுத்திருந்த நாளில் ஜன்னலைத் திறந்தால், தூரத்தில் நான் தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தேன். என் கணவர் சிரித்துக்கொண்டே, "நீ இங்க படுத்துக்கினு இருக்க, அங்க வேலை செய்ற" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகும் சமயத்தில், ஒரு பௌர்ணமி அன்று காலை அது நடந்தது. கிரிவலக் கூட்டம் அப்போதே சேர ஆரம்பித்திருந்தது. டவுன் பஸ் உள்ளே நுழைந்து நின்றது. ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டது.

"ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை அணிந்திருக்கிறாள். ஒரு காதில் மட்டும் கம்மல் உள்ளது. கண்டவர்கள் அறிவிப்பு அறைக்கு அழைத்து வரவும்."

பிறகு குழந்தையின் பெயர். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இது ஒட்டுப்போட்ட குரல் இல்லை. மூச்சு இருந்தது. அவசரம் இருந்தது. கடைசிச் சொல்லுக்குப் பிறகு, மைக்கை அணைப்பதற்கு முன் அரை நொடி, பின்னால் ஒரு பெண் அழுவது கேட்டது. அந்த அழுகையை எனக்குத் தெரியும். நான் அங்கேயே இறங்கிவிட்டேன்.

அது நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சித்திரைப் பௌர்ணமி அன்று செய்த அறிவிப்பு. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலை சுற்ற வந்த ஒரு தாய், காலையில் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகப் பையைப் போட்டிருக்கிறார். பையைப் போட இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் குழந்தை இல்லை. என் மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதபடி சொன்னதை வாங்கி வாங்கி நான் மைக்கில் சொன்னேன். தொண்டை வறண்டபோது பெரியவர் அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக ஓடும்படி வைத்தார். போலீஸ் வந்தது. இரண்டு மணிக்கு என் நேரம் முடிந்து நான் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் குழந்தை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் பெரியவரைத் தேடிப் போனேன். சன்னதித் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தார். அறிவிப்பைப் பற்றிச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. பௌர்ணமி அன்று போட வேண்டிய ஸ்பெஷல் பஸ் அறிவிப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தாராம். அவசரத்தில் இதையும் அதிலேயே போட்டிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இத்தனை நாள் எங்கோ கிடந்தது, இப்போது ஏதோ மாற்றம் செய்தபோது ஓட ஆரம்பித்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

பேசி முடித்து எழுந்தபோது, பல வருடமாக மனசில் இருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு அதை யார் நிறுத்தியது?

"நான் நிறுத்தலம்மா," என்றார். "நீ போகும்போது நிறுத்திட்டுப் போயிருப்பன்னு நினைச்சேன்."

நானும் நிறுத்தவில்லை. அவர் நிறுத்தியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அன்று மாலை கரண்ட் போனது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. கரண்ட் திரும்பி வந்தபோது சத்தம் வரவில்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்கள். ஆனால் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தையை மாற்றவும் எங்களுக்கு அதிகாரம் இல்லை, எல்லாம் ஒப்பந்தக்காரர் கையில் என்றார்கள். ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் கூப்பிட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று நானே எனக்குச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள்தான் மறுபடி கூப்பிடத் துணிவு வந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு பையன் எடுத்தான். பணிவான குரல். சென்னையிலிருந்தா பெங்களூரிலிருந்தா தெரியவில்லை. ஏதோ தட்டிப் பார்த்தான்.

"அப்படி ஒரு ஆடியோ எங்க லிஸ்ட்லயே இல்லீங்க மேடம்," என்றான்.

"நான் என் காதால கேட்டேன் தம்பி. பேசினதும் நான்தான்."

"லிஸ்ட்ல இல்லாதது ஓட வாய்ப்பே இல்லீங்க."

அடுத்த பௌர்ணமிக்கும் அது ஓடியது. அதற்கடுத்த பௌர்ணமிக்கும் ஓடியது.

அந்த மூன்றாவது பௌர்ணமி அன்று காலை பத்து மணி இருக்கும், எங்கள் பழைய அறையில் செல்போன் உறை விற்கும் கடைக்காரப் பெண் எனக்குப் போன் செய்தார். அது யார் குரல் என்று அவருக்குத் தெரியும். "அக்கா, உடனே வாங்க, கொழந்த கெடச்சிடுச்சு" என்றார். அந்த ஒரு நிமிடம் எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. விடுதியில் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். வழி முழுக்க அந்தக் குழந்தை ஐந்து வயதாகவே, அதே சட்டையோடு, என்னுடைய பழைய நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் கற்பனை ஓடியது. வருடங்களைக் கணக்குப் போட எனக்குத் தோன்றவே இல்லை.

கடைக்குப் போனால், பச்சைப் பாவாடை கட்டிய ஒரு குழந்தை உண்மையாகவே ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த கணவன் மனைவி அறிவிப்பைக் கேட்டு, கழிப்பறை வாசலில் தனியாக நின்ற குழந்தையைக் கைப்பிடித்து, அறிவிப்பு அறை என்று யாரோ காட்டிய இந்தக் கடைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான். நான் குழந்தையின் காதைப் பார்த்தேன். இரண்டிலும் கம்மல் இருந்தது. அதற்குள் குழந்தையின் நிஜத் தாய் கத்திக்கொண்டே ஓடி வந்து, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, அந்த மனிதரின் கன்னத்தில் அறைந்தார். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கூரையைக் காட்டி, "அதுல சொன்னாங்கம்மா" என்றார். அதே நேரத்தில் மேலே நான் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்தது. இதை இன்றைக்கே நிறுத்தாமல் விடுவதில்லை, கலெக்டர் அலுவலகத்துக்கே போகிறேன் என்று கடைக்காரப் பெண்ணிடம் உரக்கச் சொன்னேன். கடை எதிரே சிமென்ட் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கம்மியாக இருக்கும். மடியில் ஒரு துணிப்பை. அவர் எழுந்து வந்தார்.

"நிறுத்தாதீங்க அக்கா," என்றார்.

முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் தெரிந்தது. ஒலிபெருக்கியில் அந்த அரை நொடி அழுவது அந்தக் குரல்தான்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர்க்காரர் யாரோ கேட்டுவிட்டு வந்து, உன் பெண்ணை மறுபடியும் தேடுகிறார்கள் என்று சொன்னாராம். நம்பாமல்தான் முதல் தடவை வந்திருக்கிறார். அதன்பின் வந்த பௌர்ணமிக்கும் வந்தார். வேர்க்கடலை ஆயும் கூலி வேலை அவருக்கு. அந்த நாளைக்கு மட்டும் போவதில்லை. கணவர் கொஞ்ச வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார். கேட்டுக் கேட்டு அலைந்ததில், இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் குழந்தையின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

"பதினோரு வருஷமா அவ பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லல. இங்கதான் சொல்றாங்க. நான் அழறதும் கேக்குது. அன்னிக்கு நான் அழுதது எனக்கே ஞாபகம் இல்ல. நான் நல்லாதான் தேடியிருக்கேன்னு தெரியுது."

ஒலிபெருக்கி மறுபடி அறிவித்தது. அவர் வாய் அசைந்தது. ஒவ்வொரு சொல்லையும் ஒலிபெருக்கிக்கு முன்னாலேயே சொன்னார். முடிந்ததும், பாவாடை உண்மையிலேயே பச்சைதானா என்று இப்போது தனக்குச் சந்தேகம் வருகிறது என்றார். வீட்டில் மிச்சமிருந்த துணிகளில் நீலம் ஒன்று குறைகிறது. ஆனால் கண்ணை மூடினால் பச்சைதான் தெரிகிறது. ஒலிபெருக்கியில் என் குரல் பச்சை பச்சை என்று சொல்லிச் சொல்லித்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ என்றார். அன்று அவர் அழுகையில் என்ன சொன்னார், என் காதில் என்ன விழுந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது.

"வயசை மட்டும் மாத்தச் சொல்லுங்க அக்கா. இப்ப அவளுக்குப் பதினாறு. அஞ்சு வயசுப் புள்ளயைத் தேடினா, அவ எதிர்லயே வந்து நின்னாலும் யார் கண்ணுலயும் பட மாட்டா. வலது புருவத்துல தழும்பு இருக்கு, கட்டில் முனையில இடிச்சிக்கினா. அதையும் சொல்லச் சொல்லுங்க."

தழும்பை அன்றைக்கு நான் கேட்கவில்லை. சட்டை நிறம் கேட்டேன், பாவாடை கேட்டேன். ஒரு நிமிடத்தில் மாற்றிவிடக்கூடிய துணியைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னேன். மாறாத ஒன்றைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே கம்பெனி எண்ணைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை ஒரு பெண் எடுத்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன், திரும்பப் பேசித்தர நானே வருகிறேன் என்று விளக்கினேன். அவரும் லிஸ்டில் இல்லை என்றார். நான் போனை ஒலிபெருக்கிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அறிவிப்பு முழுவதும் ஓடியது. கடைசி அழுகையும் ஓடியது. போனைக் காதில் வைத்தேன். "மேடம், இது நீங்க இப்ப பேசலையே?" என்று கேட்டார். அவர் பயந்திருந்தார். பார்க்கச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அவர்கள் பார்த்தார்கள். நாலாம் நாள் டவுன் பஸ் உள்ளே நுழைந்தபோது கூரையிலிருந்து வேறொரு பெண் பேசினாள். இளம் குரல், தேன் மாதிரி. கீழ்பென்னாத்தூரை எங்கே பிரிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. என் குரலை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதோடு அந்தக் குழந்தையும் போய்விட்டாள். கூப்பிட்டுக் கேட்டபோது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது.

அடுத்த பௌர்ணமி அன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். அறிவிப்பு நின்றுபோனதை அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதே பெஞ்சில் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புதுக் குரல் பேசும்போதெல்லாம் நிமிர்ந்தார். என்னால்தான் போயிற்று என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். "மிஷின்ல இல்லன்னா என்ன, நீங்க இருக்கீங்களே" என்றார்.

பௌர்ணமிக்குப் பேருந்து நிலைய வாசலில் பந்தல் போட்டுக் காவல் உதவி மையம் வைப்பார்கள். ஒரு மைக்கும் இரண்டு ஒலிபெருக்கியும் இருக்கும். அங்கிருந்த பெண் காவலரிடம் போய் நின்றோம். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தத் தாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "ஒரு நிமிஷந்தான்க்கா" என்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு கையில் மைக். பதினாறு வயது என்றேன். வலது புருவத்தில் தழும்பு என்றேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் காணாமல் போனவள், ஐந்து வயதில், என்றேன். பெயரைச் சொன்னேன். உங்கள் அம்மா இங்கே இருக்கிறார் என்று சொன்னேன். அது என் பேச்சில் திட்டமிடாமல் வந்தது. பந்தலுக்கு வெளியே சர்பத் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம், "பழைய மிஷின திரும்ப மாட்டிட்டாங்க போல" என்றார். கூட்டத்தில் இரண்டு மூன்று இளம்பெண்கள் தங்களை அறியாமல் கையைத் தூக்கிப் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு நிமிடம் பேசுகிறேன். பணியில் இருப்பவர் மாறினாலும் மைக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெண் காவலர் பழைய புகாரின் நகலையும் தேடி எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு, நான் மைக்கில் சொல்லும் என் எண்ணுக்கு ஒரு போன் வந்தது. போளூர் பக்கம், புருவத்தில் தழும்புள்ள ஒரு பெண். நானும் அந்தத் தாயும் போனோம். ஓட்டு வீடு, வாசலில் சைக்கிள். அந்தப் பெண் வெளியே வந்தாள். தழும்பு இடது புருவத்தில் இருந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது. அவளைப் பெற்றவள் நாங்கள் இருந்த நேரம் முழுக்க அவள் மணிக்கட்டை விடவே இல்லை. ஆனாலும் உட்கார வைத்து முறுக்கும் டீயும் கொடுத்தார்கள்.

திரும்பும் பேருந்தில் அந்தத் தாய் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காகிதத்தில் மடித்து வாங்கி வந்த முறுக்கை எனக்குப் பாதி கொடுத்தார்.

"நல்ல உயரம் அந்தப் பொண்ணு," என்றார். "பதினாறுன்னா அவ்ளோ உயரம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

பிறகு வழி நெடுக, சாலையில் நடந்து போகிற பெண்களின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.